சல்லடைக்குச் சொல்லிக்கொடுத்தவள்

மார்ச் 4

அக்காவுக்கு,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்திருப்பாய். சுளித்துக்கொள். என் ஃபோனைத் தடுத்து வைத்திருக்கிறாய். என் சொந்த மெயிலையும் தடுத்துவிட்டாய். ஆய்வகத்து முகவரியிலிருந்து ஒரு வருஷமாக எழுதுகிறேன், கிணற்றில் போட்ட கல். தபால்காரரைத் தடுக்கும் பட்டன் உன்னிடம் இல்லை என்பதால் அவரிடம் கொடுத்திருக்கிறேன். நலம் விசாரிக்கவில்லை. அதற்கான மனநிலையில் நான் இல்லை.

இது நம் சண்டையைப் பற்றியது அல்ல. உங்கள் மருத்துவமனை அறுவைப் பிரிவிலிருந்து ஒரு பஸ் டிரைவரின் கழுத்துக் கட்டியில் எடுத்த சதைத் துணுக்கு எங்களுக்கு வந்தது. அறுத்துச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகடு தயாரித்தது நான். பார்த்துச் சொன்னது எங்கள் டாக்டர். புற்று, அதுவும் வேகமாக வளர்கிற வகை. பிப்ரவரி 9, காலை 9.42க்கு முடிவை அறுவைப் பிரிவின் மெயிலுக்கு அனுப்பினேன். உங்கள் சர்வர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரி 28 அன்று உங்கள் சர்ஜன் எங்கள் டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு, “என்ன சார், ஒரு பயாப்ஸிக்கு ஒரு மாசம் எடுத்துப்பீங்களா?” என்று கத்துகிறார். அப்போதுதான் தெரிந்தது, முடிவை அங்கே யாருமே பார்க்கவில்லை என்று. பத்தொன்பது நாள், அக்கா! அந்த மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பத்தொன்பது நாளும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது உங்கள் ஆட்கள் பழியைத் தூக்கி அறுவைப் பிரிவு கிளார்க் மேல் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் முத்திரை குத்துவாரே, எல்லோரும் ஸ்டாம்ப் அக்கா என்று கூப்பிடுவார்களே, அவர்தான். மார்ச் 2 முதல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மாதிரி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சீட்டைத் தொலைத்தவர் இல்லை.

கடிதம் வாசலுக்குள் வந்திருக்கிறது. வந்த கடிதம் எங்கே போயிற்று? மருத்துவமனை மெயிலுக்கெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பவள் நீ. பதில் சொல்.

தம்பி

*

மார்ச் 9

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால் தொடங்காமலே எழுதுகிறேன்.

என் சர்வரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாய். சரி, நானும் எடுக்கிறேன். எங்களிடம் ஆயிரத்து நானூறு பேருக்கு மெயில் இருக்கிறது. ஒரு நாளைக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் குப்பை. பரிசு விழுந்தது, பார்சல் நிற்கிறது, கணக்கு மூடப்படும் என்று. காசு கொடுத்து வாங்கிய எந்த ஃபில்டரும் இதற்கு ஈடு கொடுக்கவில்லை. அதனால் இங்கே வேலை செய்பவர்களே சொல்லிக்கொடுக்கும் ஒன்றை நான் செய்தேன். சல்லடை என்று பெயர் வைத்தேன். குப்பை வந்தால் அதை இழுத்துக் குப்பை ஃபோல்டரில் போட வேண்டும். நல்லது தவறிப்போய் அங்கே கிடந்தால் வெளியே இழுக்க வேண்டும். அனுப்பியவர் யார், என்ன வார்த்தைகள், அடியில் என்ன கையெழுத்து என்றெல்லாம் சல்லடை பார்த்துப் பழகிக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கும். ஊரே சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு ஊரில் இருக்கும் கெட்டதும் சேர்ந்து வரும். முன்பு ‘குப்பையை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று ஒரு முகவரி வைத்திருந்தார்கள். வெளியே இருக்கும் எவனும் அதற்கு எழுதலாம். எங்கள் டீனுடைய சுற்றறிக்கையை நூறு தடவை அனுப்பினால் போதும், டீனே குப்பை ஆகிவிடுவார். அதை நான் மூடினேன். பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தவர் மட்டும்தான் சொல்லிக்கொடுக்கலாம். தன் பெட்டிக்கு வந்த கடிதத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லலாம். ஒருவர் சொன்னால் அவர் பெட்டிக்கு மட்டும்தான் செல்லும். மூன்று பிரிவுகளைச் சேர்ந்த மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால்தான் எல்லோருக்கும் பொது. எவனுடைய முன்கோபமும் அடுத்தவன் பெட்டியைத் தொடாது. இரண்டு வருஷம் கண்ணும் கருத்துமாகக் கட்டியது.

உன் கடிதத்தின் தடத்தைப் பார்த்தேன். 9.42க்கு வந்திருக்கிறது. அறுவைப் பிரிவின் குப்பை ஃபோல்டரில் கிடந்திருக்கிறது. பதினான்கு நாள் ஆனதும் தானாக அழிந்திருக்கிறது. கிளார்க் அம்மா அதை இழுத்துப் போட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஆனாலும் கை தவறும்.

எல்லாம் சரி, ஃபோன் செய்யத் தெரியாதா உனக்கு? ரிசல்ட் சொல்வதில் கெட்டிக்காரன் ஆயிற்றே நீ. “இப்ப சொல்லாதடா, தாங்க மாட்டார்டா” என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், அப்பாவிடம் போய் முகத்துக்கு நேரே சொன்னாய். வைத்தியமே வேண்டாம் என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஆறே வாரம். சோற்றுக் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அன்றைக்கு இருந்த அவசரத்தில் பாதியை அந்த டிரைவருக்குக் காட்டியிருக்கலாம்.

இனி எழுதாதே.

*

மார்ச் 13

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே நீ சொன்னதை நான் கேட்டதில்லை, இப்போது மட்டும் எதற்குப் புதுப்பழக்கம்.

பயாப்ஸி முடிவை ஃபோனில் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் வர வேண்டும் என்பது உங்கள் மருத்துவமனை போட்ட விதி. அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வாய்க்கு வந்ததை எழுதுகிறாய்.

ஸ்டாம்ப் அக்காவை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். சமையலறையில் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லவும் இல்லை, உட்காரவும் இல்லை. “நான் எதையும் இழுத்துப் போடல தம்பி. அந்தக் குப்பைப் பக்கமே நான் போறதில்ல. போகக் கூடாதுன்னு உங்க அக்கா நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே, ‘குப்பை ஃபோல்டரைத் திறந்தால் நீங்களே பொறுப்பு’ன்னு. சிவப்பு எழுத்துல. என் மேசைக்கு நேர் எதிர்ல” என்றார். உன் நோட்டீசுக்குக் கீழ்ப்படிந்த ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பரிசு.

இன்னொன்றையும் கேள். அந்தப் பத்தொன்பது நாளில் உங்களுக்கு மெயிலில் போன பயாப்ஸி முடிவுகள் மொத்தம் மூன்று. மூன்றும் வெவ்வேறு பிரிவுக்கு. மூன்றும் போய்ச் சேரவில்லை. மற்ற இரண்டிலும் பயப்பட ஒன்றும் இல்லை, அதனால் யாரும் தேடவில்லை. மூன்று பிரிவில் மூன்று கிளார்க்குகளுக்கும் ஒரே மாதத்தில் கை தவறியதா? உன் மூளை எங்கே போயிற்று?

அப்பா விஷயத்தை நீ இழுத்துவிட்டாய். நாற்பது தடவை எழுதிவிட்டேன், படித்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பத்தொன்றாவது தடவையாக நினைத்துக்கொள். நான் அப்பாவிடம் போகவில்லை. அப்பா என்னிடம் வந்தார். இரண்டு பஸ் மாறி, யாரிடமும் சொல்லாமல், ஆய்வகத்துக்கு. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். எண் முப்பத்தாறு. என் கவுண்ட்டருக்கு எதிரே வந்து நின்று, எல்லோர் முன்னாலும், “சார், என் ரிசல்ட் என்னன்னு சொல்லுங்க” என்றார். என்னைப் பார்த்து, சார்! மகனாக இருந்தால் மழுப்பிவிடுவேன் என்று தெரிந்துதான் அப்படிக் கூப்பிட்டார். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீயே சொல்.

அது அவருடைய ரிசல்ட், அக்கா. உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

சர்வரின் பதிவேட்டை, அந்த லாகைத் திறந்து யார் இழுத்துப் போட்டது என்று பார். பார்த்துவிட்டு எழுது.

தம்பி

*

மார்ச் 18

தம்பி,

பார்த்தேன். நான்தான்.

இந்த இரண்டு வார்த்தையை எழுத மூன்று நாள் ஆயிற்று. இப்போது மீதியையும் எழுதிவிடுகிறேன்.

சல்லடைக்கு மூன்று பேர் சொன்னால்தான் பொது என்றேன் அல்லவா. அதில் ஒரு விலக்கு இருக்கிறது. போன வருஷம் ஒரு விடுமுறை நாளில் போலி பில் கடிதங்கள் வெள்ளமாக வந்தன. மூன்று பேர் வந்து சொல்லும்வரை காத்திருந்தால் யாராவது திறந்துவிடுவார்கள். அதனால் நிர்வாகி சொன்னால் மட்டும் உடனே எல்லோருக்கும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தச் சிவப்பு நோட்டீசும் அன்றைக்கு ஒட்டியதுதான். வெள்ளம் வடிந்தது. வரியை எடுக்கவில்லை. நோட்டீசையும் கிழிக்கவில்லை. ஆயிரத்து நானூறு பேர் செய்யக்கூடிய தவறுக்கெல்லாம் பூட்டுப் போட்டவள், என் கையை மட்டும் பூட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, மதியம் 2.15. உன்னுடைய கடிதம் ஒன்று வந்தது. தலைப்பு ‘அப்பாவின் கண்ணாடி’. அவர் போய் அன்றோடு ஒரு வருஷம். அவருடைய மூக்குக்கண்ணாடியிலும் உனக்குப் பங்கு வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்று பார்க்கவில்லை. நீ ஒரு வருஷமாக அனுப்பியவை எல்லாம் திறக்காமலே கிடந்தன. நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் குப்பையில் போட்டேன். நிர்வாகியின் கணக்கில் இருந்தபடியே. என் சொந்தக் கடிதத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ள எனக்குச் சோம்பல்.

நாற்பத்தொன்றின் அடியிலும் உங்கள் ஆய்வகத்தின் பெயர், முகவரி, ‘இந்த முடிவு ரகசியமானது’ என்ற வரி. அன்று மாலைக்குள் சல்லடை ஒழுங்காகப் படித்து முடித்துவிட்டது. இந்த முகவரியிலிருந்து, இந்தக் கையெழுத்தோடு எது வந்தாலும் குப்பை. திங்கட்கிழமை காலை 9.42க்கு டிரைவரின் கடிதம் வந்தது.

படித்ததும் கை தட்டாதே. ஆய்வகத்து முகவரியிலிருந்து குடும்பச் சண்டை போடச் சொன்னது யார்? நோயாளிகளின் உயிர் வருகிற வழியில் உன் கோபத்தையும் ஏற்றி அனுப்பினாய். அதைத் தடுத்தால் ரிசல்ட் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு வருஷம் தடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் தடுக்க மாட்டேன் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் அந்த வழியைப் பிடித்தாய். இல்லை என்று சொல் பார்க்கலாம்.

விசாரணை மார்ச் 30. லாக் நாற்பத்தைந்து நாள் மட்டும்தான் நிற்கும். பிப்ரவரி 6ஆம் தேதியின் பக்கம் வரும் 23 அன்று தானாக அழிந்துவிடும். நான் எதையும் அழிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

*

மார்ச் 21

அக்காவுக்கு,

சும்மா இருந்தால் போதுமா? சும்மா இருந்துதான் பாரேன்.

உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே எங்கள் டாக்டரின் அறைக்குப் போனேன். ஆய்வகத்து முகவரியிலிருந்து நாற்பத்தொரு சொந்தக் கடிதம் அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “நாப்பத்தொண்ணா? நாலு இல்லையா?” என்றார். முடிவு அனுப்பும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். இப்போது பின்னறையில் பழைய தகடுகளை எண் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பதினாறு வருஷ வேலைக்குப் பிறகு. நீ சொன்னது உண்மைதான். நீ தடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் அந்த வழியில் வந்தேன். என் பங்கை நான் ஒப்புக்கொண்டாயிற்று. உன் பங்கு?

நீ இப்போது எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும். மேசையைத் துடைத்து, பேனாக்களை வரிசையாக வைத்து, இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு நாள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாய். யாரையும் ஏமாற்றவில்லை, லாக் தானாகப் போகிறது, நான் என்ன செய்வேன் என்பாய். அப்பாவிடமும் இப்படித்தானே செய்தாய். பொய் சொல்லவில்லை, கேட்டால் பேச்சை மாற்றினாய். ஃபைலை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாய். அவர் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றது ஏன் என்று நினைக்கிறாய்? வீட்டில் கேட்டுப் பதில் கிடைத்திருந்தால் எதற்கு இரண்டு பஸ் மாறி வருகிறார்?

இந்த முறை ஸ்டாம்ப் அக்கா வரிசையில் நிற்கிறார். அந்த டிரைவர் நிற்கிறார். எத்தனை பேரிடம் ஒளிப்பாய்?

நீ வாயைத் திறக்காவிட்டால் 30ஆம் தேதி நான் வந்து திறக்கிறேன். உன் கடிதம் என் கையில் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 25

மிரட்டுகிறாயா? என் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்னையே மிரட்டுகிறாய். அம்மா இல்லாத வீட்டில் உனக்குப் பரீட்சை ஃபாரம் நிரப்பிக் கொடுத்த கையெழுத்து அது.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. லாகை 21ஆம் தேதியே நகல் எடுத்துவிட்டேன். இரண்டு சிடியில். ஒன்றைத் தணிக்கைப் பிரிவில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இனி நானே நினைத்தாலும் அழிக்க முடியாது. நீ மிரட்டித்தான் செய்தேன் என்று யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாதபடி தேதி போட்டிருக்கிறது.

ஆனால் நகல் எடுத்தவள் உடனே போய்ச் சொல்லிவிட்டாள் என்று நினைக்காதே. சொல்லவில்லை. என் துறைத் தலைவரிடம் மட்டும் காட்டினேன். நல்ல மனுஷர், யாருக்கும் நோகக் கூடாது என்று நினைப்பவர். காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு கதவைச் சாத்தினார். “ஏம்மா, சல்லடை தப்பாக் கத்துக்கிச்சுன்னு எழுதிடலாமே. கிளார்க்கும் தப்பிச்சிடுவாங்க, நீயும் தப்பிச்சிடுவ. மெஷினுக்கு என்ன, பெண்டாட்டி பிள்ளையா இருக்கு?” என்றார். தொழில்நுட்பக் கோளாறு என்று நாலு வரி அவரே எழுதியும் கொடுத்தார்.

அந்த நாலு வரி என் கைப்பையில் இருக்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள், அதுதான் கொடுமை. ஸ்டாம்ப் அக்கா திரும்பி வந்துவிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை. உன் மாமா, என் வீட்டுக்காரர்கூட, “அதுல கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாரு” என்கிறார். ஆனால் சல்லடை தப்பாகக் கற்றுக்கொள்ளவில்லை, தம்பி. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் கற்றுக்கொண்டது. இவனிடமிருந்து வருவது எதுவும் எனக்கு வேண்டாம் என்றேன். சரி என்றது.

அலமாரியில் புடவைக்கு அடியில் என்று எழுதினாய். அதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. அந்த ஃபைலை ஒளித்துவிட்டு அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டியதை நீ பார்க்கவில்லை. பஸ் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகனாக இருந்துவிட்டுப் போகிறவனுக்கு அது தெரியாது. மருந்தும் பெட்பேனும் என் பங்கு, உண்மை மட்டும் உன் பங்கா?

விசாரணைக்கு நீ வரக் கூடாது. வந்தாயானால் அந்த நாலு வரியைத்தான் வாசிப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

விசாரணை முடிந்து மூன்று நாள் ஆகிறது. நான் வரவில்லை. பேருந்து நிலையம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபத்தில்தான் இறங்கவில்லை என்று என் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். புடவைக்கு அடியில் என்று நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

என்ன ஆயிற்று? ஸ்டாம்ப் அக்கா ஃபோனை எடுக்கவில்லை. ஒரு வரியாவது எழுது.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

ஒரு வரியில் எழுத முடியாது. உட்கார்ந்து படி.

நீளமான மேசை. நாலு பேர், நாலு தண்ணீர் பாட்டில். துறைத் தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையில் இருப்பதை எடு என்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் லாகை எடுத்து வைத்தேன். 2.15, நாற்பத்தொரு கடிதம், நிர்வாகி. இது யார் என்று ஒருவர் கேட்டார். நான் என்றேன். ஏன் என்று கேட்டார். “என் தம்பி எழுதின லெட்டர் சார். படிக்கப் பிடிக்கல” என்றேன். அந்தப் பெரிய அறையில் அதைச் சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா உனக்கு? உன்மேல் அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஸ்டாம்ப் அக்கா அன்றே வேலைக்குத் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போனேன். வேலையை நிறுத்தாமலே பேசினார். “உங்க மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நாலு வாரம் என் பிள்ளைங்க முன்னாடி தப்புப் பண்ணினவளா உக்காந்திருந்தேன். யாரு மேலயோ இருக்கற கோவத்த எங்க மேல கொட்டுறீங்க. மொதல்ல அந்த நோட்டீச கிழிங்க” என்றார். கிழித்தேன். இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

சர்வரில் தனியாகக் கை வைக்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி எதை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது தண்டனை என்று எழுதியிருக்கிறார்கள். முதல் நாளே இருந்திருக்க வேண்டிய பூட்டு அது. அந்த விலக்கு வரியை நானே எடுத்தேன். இனி நான் இழுத்துப் போட்டாலும் என் பெட்டிக்கு மட்டும்தான். நானும் மூன்றில் ஒருத்திதான், தரை துடைக்கிற அம்மாவுக்கு என்ன மதிப்போ அதேதான் எனக்கும். யார் எதைச் சொல்லிக்கொடுத்தார் என்று பெயரோடு நிற்கும், தவறு என்றால் அதை மட்டும் திருப்பி எடுக்கலாம். குப்பையில் விழுந்தவற்றின் பட்டியல் தினமும் காலையில் அவரவர் மேசைக்கு வரும். யார் கண்ணிலும் படாமல் எதுவும் அழியாது.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு ஆள் பாக்கி இருந்தார். அவரிடம் சொல்லச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. சொல்லாதே என்றுதான் துறைத் தலைவர் சொன்னார். “அவருக்குத்தான் வைத்தியம் நடக்குதே, எதுக்கும்மா போய்க் கலவரப்படுத்தற?” என்று. நான் ஒரு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் சொன்ன அதே பேச்சு.

நேற்று அந்த டிரைவரைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். முடி கொட்டியிருக்கிறது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சல்லடை, நாற்பத்தொன்று, பத்தொன்பது நாள். டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். அந்த நாட்கள் பெரிதாகக் கெடுத்திருக்கலாம், கெடுக்காமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். டிரைவர் திட்டினார். இருபத்தெட்டு வருஷம் டிராஃபிக்கில் பஸ் ஓட்டியவர் எப்படித் திட்டுவார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியதும் நிறுத்தினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

குடித்துவிட்டு, “உங்க தம்பி அந்த நாப்பத்தொரு லெட்டர்ல அப்படி என்னதான் எழுதியிருந்தாரு?” என்று கேட்டார்.

“தெரியல. படிக்காமலே அழிஞ்சிடுச்சு” என்றேன்.

“அவர்கிட்ட பேசிட்டீங்களா?”

“இல்ல.”

தம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப என்னோட பத்தொம்பது நாளு எதுக்குத்தாங்க போச்சு?” என்றார்.

தம்ளரை வாங்கி வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

உன்மேல் இருக்கும் கோபம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அப்பா உன் முன்னால் டோக்கனோடு நின்றதை நினைத்தால் உன்மேல் வருகிறது, என்மேல் வருகிறது, அவர்மேலும் வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அந்த மனுஷன்.

உன் நம்பர் மேல் இருந்த தடையை இன்று காலை எடுத்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடு. எடுத்ததும் திட்டத்தான் போகிறேன். வைத்துவிடாதே.

அக்கா